இரண்டாவது துப்பாக்கி

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து நரிக்குறவர்கள் தோளில் தொங்கிய நாட்டுத்துப்பாக்கிக்கு ஒரே குழல். அந்த ஒரு குழலுக்குள் பல துப்பாக்கிகள் இருந்தன. வாய்வழியே எவ்வளவு கரிமருந்து இறங்குகிறது, எவ்வளவு இறுக்கிக் கெட்டிக்கிறார்கள், அதன்மேல் போவது பொடி ரவையா பெரிய ஈயக்குண்டா என்பதைப் பொறுத்து அது காடைக்கு உரியதாகும், காட்டுப்பன்றிக்கு உரியதாகவும் ஆகும். தேர்வு முழுவதும் கெட்டிப்பவர் கையில்.

ரைஃபிளில் அந்தச் சுதந்திரம் குறைவு. குழலின் உள்விட்டம், தோட்டாவின் நீளம், குண்டின் எடை, மருந்தின் அளவு எல்லாம் பட்டறையிலேயே முடிவாகி வருகின்றன. ஒரு காலிபரை, அதாவது இந்த அளவுகளின் ஒரு தொகுப்பை, வாங்குகிறவர், அது செய்யும் வேலையோடு செய்யமாட்டாத வேலைகளையும் சேர்த்தே வாங்குகிறார். அதனால் பெருவிலங்கு வேட்டை சட்டப்படி நடந்த நாட்களில் ஒருவருடைய தேர்ச்சியைக் காட்டியது அவருடைய இரண்டாவது துப்பாக்கிதான். முதலாவதை ஆசை தேர்ந்தெடுத்திருக்கும், அல்லது தகப்பனார் விட்டுப்போயிருப்பார். முதலாவது எங்கே கைவிடும் என்று தெரிந்தவரால் மட்டுமே இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க முடியும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தியாவில் அந்தக் காலம் முடிவுக்கு வந்தது. முடிந்ததில் எனக்கு முழுச் சம்மதம். அந்தத் தேர்வில் இருந்த நுட்பத்தின் மீதும் பொறுப்பின் மீதும் எனக்குள்ள மரியாதை மட்டும் குறையவில்லை.

நான் அறிந்தவற்றில் மிக அழகான ஜோடி, ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டுடையது. ஒன்று ரிக்பி செய்த .275. ஜெர்மானியரின் 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவைத்தான் பிரிட்டிஷ் பட்டறை அந்தப் பெயரில் விற்றது. குண்டு 140 கிரெயின், அதாவது ஒன்பது கிராம். 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் பரிசாக அளித்தது அது. மற்றது டபிள்யூ. ஜே. ஜெஃப்ரி செய்த .450/400 இரட்டைக்குழல். குண்டு 400 கிரெயின், ஏறக்குறைய 26 கிராம். முதலாவது தூரத்துக்கும் துல்லியத்துக்கும் நாள்முழுக்க மலையேறும் தோளுக்கும் உரியது. இரண்டாவது, பத்தடி தூரத்துப் புதருக்குள்ளிருந்து பாய்ந்து வருவதை அந்த இடத்திலேயே நிறுத்துவதற்கு. ஒன்றின் வேலையில் மற்றது தலையிடுவதில்லை.

பெரியது எப்போதும் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் 1930 ஏப்ரல் 11-ஐப் படிக்க வேண்டும். சௌகட் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலியைத் தேடி ஓர் ஓடைப்பள்ளத்தில் இறங்கிய கார்பெட்டின் இடக்கையில் பக்கிக்குருவியின் முட்டைகள், வலக்கையில் .275. ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பியபோது எட்டடி தூரத்தில் புலி அவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. சட்டென்று அசைந்தால் பாய்ந்துவிடும். துப்பாக்கியை ஒற்றைக்கையால், அசைவதே தெரியாதபடி, முக்கால் வட்டம் திருப்பிச் சுட்டார். தான் பிழைத்ததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, கையில் இலேசான துப்பாக்கி இருந்தது. .450/400 இரட்டைக்குழல்கள் பொதுவாக நாலரை, ஐந்து கிலோ எடை. அதை ஒரு கையால் அவ்வளவு மெதுவாகத் திருப்ப மணிக்கட்டு இடம்கொடுக்காது. நெருக்கத்துக்கென்று வைத்திருந்த துப்பாக்கியைவிட தூரத்துக்கென்று வைத்திருந்ததே அன்று நெருக்கத்தில் காப்பாற்றியது. ஜோடியைத் தேர்ந்துவிட்டால் போதாது, இன்று எது என்ற கேள்வி தினமும் காலையில் புதிதாக எழும்.

கனரகத் துப்பாக்கியின் அழகு இரட்டைக்குழலில்தான் உச்சத்தைத் தொடுகிறது. பக்கத்தில் பக்கமாக இருக்கும் இரண்டு குழல்களும் ஒரே புள்ளியில் அடிக்க வேண்டும். சுடும்போது வலது குழல் துப்பாக்கியை ஒரு பக்கம் தள்ளும், இடது மறுபக்கம் தள்ளும். அதைக் கணக்கிட்டுக் குழல்களை முன்புறம் சற்றே நெருங்கும்படி வைத்து, நடுவே சிறு ஆப்பு கொடுத்துப் பற்றவைப்பார்கள். சுட்டுப் பார்ப்பார்கள். விலகினால் பற்றைச் சூடாக்கி இளக்கி, ஆப்பை மயிரிழை நகர்த்தி, மறுபடி பற்றவைத்து, மறுபடி சுடுவார்கள். இரண்டு குண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை இந்த வேலை ஓயாது. ஒரு குறிப்பிட்ட குண்டு, ஒரு குறிப்பிட்ட மருந்தளவு. அவற்றுக்கு மட்டுமே அந்த இணக்கம். தோட்டாவை மாற்றினால் குழல்கள் ஒன்றோடொன்று உடன்படா.

இங்கிலாந்தின் குளிரில் ஒத்திசைத்த துப்பாக்கிக்கு நம் வெயில் ஒரு சோதனை. கார்டைட் மருந்து சூடேறினால் அழுத்தம் கூடும். அக்கினி நட்சத்திரத்தில் பெரம்பலூர்க் கரிசலில் நின்றவர்களுக்கு அந்தச் சூடு எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. அழுத்தம் கூடினால் வெற்றுத் தோட்டா அறையிலேயே சிக்கிக்கொள்ளும், மறுபடி தோட்டா போட முடியாமல் போகும். அதனால்தான் அந்தக் காலத்துக் கனரகத் தோட்டாக்கள் நீண்டு பெருத்து, அடியில் அகன்ற விளிம்போடு, குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும்படி அமைந்தன. வெப்பநாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்த தோட்டாக்களும் வந்தன.

வெயில் மட்டுமல்ல, இந்த நாட்டின் அரசியலும் காலிபர்களைச் செதுக்கியது. 1907-இல் பிரிட்டிஷ் அரசு .450 காலிபரை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி படைத்துப்பாக்கிகளின் காலிபர் அதுவே என்பதால், வேட்டைத் தோட்டாவின் பேரில் கலகத்துக்குத் தளவாடம் போய்ச்சேரும் என்ற அச்சம். லண்டன் பட்டறைகள் அசரவில்லை. .465, .470, .475, .476 என்று அரைக்கால் அங்குலம்கூட விலகாத புதிய காலிபர்கள் பிறந்தன. இன்று ஆப்பிரிக்காவில் யானைத் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வரும் .470, இந்தியர்மீது ஆட்சியாளருக்கு இருந்த பயத்தில் உருவானது.

இரண்டாவதே வேண்டாம் என்று இருந்தவர்களும் உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) அன்றைய சேலம் மாவட்டத்து ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் பெரும்பாலும் ஒரே துப்பாக்கியோடு திரிந்தார். வின்செஸ்டரின் 1895 மாடல், .405 காலிபர். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலைக் கீழிறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயார். தோளிலிருந்து துப்பாக்கியை எடுக்க வேண்டியதில்லை. 300 கிரெயின் குண்டு கார்பெட்டின் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிட்டத்திலேயே பார்வை மறையும் முள்காட்டில் புலிக்கும் சிறுத்தைக்கும் அதைவிடப் பொருத்தமானது வேண்டாம். 1909-இல் ஆப்பிரிக்கா சென்ற தியடோர் ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கு இதே .405-ஐப் புகழ்ந்தார். ஆனால் யானைக்கென்று ஹாலந்து இரட்டைக்குழலையும், தூரத்து மான்களுக்கென்று .30-06-ஐயும் கூடவே எடுத்துப்போனார். ஆண்டர்சன் ஒரு காட்டை ஆழமாக அறிந்தவர். ஒரு காட்டுக்கு ஒன்று போதும்; பல நிலம், பல விலங்கு என்றால் ஒன்று பற்றாது.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? சம்பாவத் புலியின் வலப்பக்கத்து மேல்கோரைப்பல்லும் கீழ்கோரைப்பல்லும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாத அந்தப் புலி 436 பேரைக் கொன்றது. குறியும் குண்டும் பொருந்தாத ஒரு வெடியின் கடனை, சுட்டவர் பெயர்கூடத் தெரியாத கிராமத்தார் கட்டினார்கள். சரியான காலிபர் என்பது முதலில் விலங்குக்குச் செய்யும் மரியாதை. சுட்டால் ஒரே நொடியில் முடிய வேண்டும், முடியாதென்றால் சுடக்கூடாது.

அந்த மரியாதைக்கு நம் ஊரிலேயே இன்று தேவை இருக்கிறது. பச்சைமலை அடிவாரம் தொடங்கி மக்காச்சோளக் கொல்லைகளில் காட்டுப்பன்றி புகுந்து உழுதுபோடுகிறது. ஆத்திரத்தில் சிலர் வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டுவெடி பன்றியின் தாடையைப் பிய்த்து, அது நாட்கணக்கில் துடித்துச் சாகிறது. அதை விடக் கேவலமான கருவி கிடையாது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுட 2025 தொடக்கத்தில் தமிழக அரசு வழிசெய்தது. அங்கே பழைய கேள்வி திரும்ப வருகிறது. பன்னிரண்டு போர் ரவைத்துப்பாக்கியில் எல்.ஜி. தோட்டா போட்டால் ஆறு பெரிய குண்டுகள். முப்பது, நாற்பது கஜத்துக்குள் நம்பலாம், அதற்கு அப்பால் சிதறிக் காயப்படுத்தும். .315 ரைஃபிள் நூறு கஜத்தில் ஒரே குண்டில் முடிக்கும், ஆனால் தவறினால் இந்தச் சமவெளியில் அது இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் போகும். அங்கே களத்துமேடும் ஆட்டுக்கிடையும் இருக்கும். ஆகவே மேட்டில் பரண் கட்டி, மண்ணை நோக்கிக் கீழே சுட இடம் இருந்தால் ரைஃபிள். கொல்லையின் ஓரத்தில் கிட்டத்தில் நிற்பதானால் பன்னிரண்டு போர். இரண்டுக்கும் இடமில்லாத இரவில் துப்பாக்கி உறையிலேயே இருக்கட்டும். இந்த மூன்றையும் பிரித்தறியும் ஒருவரைக் காவலுக்கு அனுப்புவதுதான், எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்பதற்கு முன்னால் துறை செய்ய வேண்டிய தேர்வு.