சம்பந்தி ஊர்: புத்தகத்திலும் திரையிலும் திருக்கோவிலூர்

தமிழில் கதை எழுதுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் திருக்கோவிலூரை இரண்டு காரியத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒன்று பெண் எடுக்க, மற்றொன்று பெண் கொடுக்க. பறம்பு மன்னன் பாரியின் மகளிர் இங்கே மருமகள்களாக வந்தார்கள். சுந்தர சோழனுக்கு மனைவியாகவும் ராஜராஜனுக்குத் தாயாகவும் ஆன வானவன்மாதேவி இங்கிருந்து போனாள். கல்யாணம் முடிந்த கையோடு கதை பறம்புக்கோ தஞ்சாவூருக்கோ கிளம்பிவிடும். தாம்பூலம் வாங்கிக்கொண்ட சம்பந்தி மாதிரி ஊர் ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

நான் புலவன் அல்ல. கிடைத்த புத்தகத்தைப் படித்து, தியேட்டருக்கு வந்த படத்தைப் பார்த்து, டீக்கடையில் அபிப்பிராயம் சொல்கிற ரகம். நம்மூர்ப் பெயர் வந்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். அப்படி நிமிர்ந்து உட்கார வைத்த புத்தகங்களையும் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஊர்க்காரனுடைய ஓரவஞ்சனை இதில் இருக்கத்தான் செய்யும்.

முதலில் மூலச்சரக்கு. நம்மூர்க் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துப் பாட்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கணவனோடு தீயில் புகுந்த வானவன்மாதேவியைப் பற்றி அது சொல்கிறது. அதே கல்வெட்டுதான், அடைக்கலமாக வந்த பாரி மகளை இவ்வூர் அரசன் மலையமானுக்குக் கொடுத்துவிட்டுப் புலவர் கபிலர் தீப்பாய்ந்த பாறையைப் பற்றியும் சொல்கிறது. வந்த பெண்ணும் போன பெண்ணும் ஒரே கல்லில். பக்கத்தில் பெண்ணையாற்றுக்குள் அந்தப் பாறை இன்றும் நிற்கிறது. தலையில் சிறு கோயிலோடு இருக்கும் அதைக் கபிலர் குன்று என்கிறோம்.

ஆனால் புறநானூற்றின் பழைய குறிப்புகள் வேறு மாதிரி பேசுகின்றன. கபிலர் பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது அவற்றின் கணக்கு. மூன்றாவதாகத் தமிழ் நாவலர் சரிதையின் வழி ஒரு கதை வந்தது. அதில் கபிலர் பின்னுக்குப் போய், ஔவை முன்னுக்கு வந்து, தெய்வீகன் என்ற திருக்கோவலூர் மன்னனுக்கு இரண்டு பெண்களையும் மணமுடித்து வைக்கிறாள். வெட்டிப் போட்ட பனந்துண்டம் துளிர்த்துக் காய்க்கிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்களும் இந்தப் பிற்காலக் கதைவழியே வந்தவைதான். சங்கப்பாட்டில் அவர்கள் வெறும் பாரி மகளிர். ஒரே சம்பவத்துக்கு இப்படி மூன்று முடிவுகள். எந்த முடிவை எடுத்தாலும் ஒரு நாவல் தேறும்.

சினிமா எடுத்தது மூன்றாவதை. 1953இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் ‘ஔவையார்’ எடுத்தது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கம், கே.பி. சுந்தராம்பாள் ஔவை. இப்போது பார்த்தாலும் சுந்தராம்பாள் குரல் கூடத்தை நிறைக்கிறது, யானைக்கூட்டம் வருகிற காட்சி கண்ணை அகல வைக்கிறது. ஆனால் அந்தப் படத்துக்கு ஊர் என்ற ஒன்று கிடையாது. எல்லா ஊரும் ஜெமினி ஸ்டூடியோவின் ஒரே கோட்டைச் சுவர்தான். பக்திப் படத்தில் ஆற்றையும் மணலையும் எதிர்பார்ப்பது என் தப்பாகவும் இருக்கலாம். பாரி மகளிருக்கு அதில் ஒரு மரியாதை இருந்தது, அதுவரை சந்தோஷம்.

அந்த மரியாதை 2007இல் போயிற்று. ஏவி.எம். தயாரித்து ஷங்கர் இயக்கிய ‘சிவாஜி’யில் சாலமன் பாப்பையாவின் மகள்களாக அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள். அவர்கள் கறுப்பு என்பதுதான் நகைச்சுவை. முகத்தில் கரியை அப்பி நிறுத்தி, கதாநாயகன் கண்டு மிரண்டு ஓடுவதாகக் காட்டினார்கள். தமிழ் ஆர்வலர்கள் அப்போதே கண்டித்தார்கள், படம் பாட்டுக்கு ஓடியது. எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்தப் படத்துக்கு வசனம் சுஜாதா. புறநானூற்றுக்கு எளிய அறிமுகம் எழுதி, என் போன்ற ஆட்களைப் பாட்டுக்கு அருகில் கொண்டுபோனவர். அப்பனை இழந்து, ஊரை இழந்து, நிலாவைப் பார்த்துப் பாடிய பெண்கள் யார் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தே அந்தப் பெயர்களை வைத்தார்களே, அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’ ஆனந்த விகடனில் 2016 முதல் 2018 வரை மணியம் செல்வன் ஓவியத்தோடு தொடராக வந்து புத்தகமானது. அதன் திரைப்பட உரிமை இப்போது அதே ஷங்கரிடம். 2024 செப்டம்பரில், நாவலின் காட்சிகளை யாரோ தங்கள் படத்தில் எடுத்தாண்டிருப்பதாக உரிமையாளர் என்ற முறையில் அவரே வருத்தப்பட்டார். அங்கவை அந்த நாவலில் ஒரு பாத்திரம். 2007இல் ஊரே சிரித்த பெயர் அவருடைய கேமராவுக்கு முன்னால் மறுபடியும் வந்து நிற்கப் போகிறது. பழைய கணக்கைத் தீர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ஓர் இயக்குநருக்கு அமையாது.

‘வேள்பாரி’ நாவலைப் பற்றி என் கருத்து இரண்டாக உடைந்து கிடக்கிறது. கபிலர் மலையேறிப் பறம்புக்குள் நுழைகிற முதல் பகுதி அபாரம். ஒரு செடிக்கு என்ன குணம், ஒரு விலங்கு ஏன் வடக்கு நோக்கி உட்காருகிறது என்று கதை நகரும்போது, காடு என்பது பின்னணித் திரை என்ற எண்ணமே போய்விடுகிறது. போர் தொடங்கிய பிறகு வாரத்தொடரின் வேகம் மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வியாழக்கிழமைக்குக் கயிறு கட்டுகிறது. தவிரவும் நாவல் பாரியின் சாவுவரை போவதில்லை. வாசகர் பாரியை ஜெயிக்க வைத்துப் பிரிய விரும்புகிறார், ஆசிரியர் அதை அறிந்தவர். விற்பனை லட்சம் பிரதி என்று 2025இல் சென்னையில் விழா எடுத்தார்கள், ரஜினிகாந்தும் வந்தார். நல்லதுதான். ஆனால் எங்கள் ஊருக்கான கதை பாரி செத்த பிறகுதானே தொடங்குகிறது? பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலையிலிருந்து திருக்கோவிலூர் நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர். இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு கிழப்புலவர் கிளம்புகிறார். விச்சிக்கோவிடம் கேட்கிறார், நடக்கவில்லை. இருங்கோவேளிடம் கேட்கிறார், அவனும் மறுக்கிறான், புலவர் சினந்து பாடுகிறார். நேற்றுவரை வாசலில் நின்று வரவேற்ற அரசர்கள் இன்று முகம் திருப்புகிறார்கள். இந்த நடையை, இந்த அவமானத்தை யாரும் முழுசாக எழுதவில்லை.

கிட்டத்தட்ட எழுதியவர் ஒரு மலையாளி. மனோஜ் குரூரின் ‘நிலம் பூத்து மலர்ந்த நாள்’ நாவலைத் திருவண்ணாமலையில் இருக்கும் கே.வி. ஜெயஸ்ரீ தமிழாக்கினார், வம்சி வெளியீடு. மொழிபெயர்ப்புக்கான 2019ஆம் ஆண்டு சாகித்ய அகாதெமி பரிசு அதற்குக் கிடைத்தது. மலையாளத்தில் சம்ஸ்கிருதச் சொற்களை ஆனமட்டும் ஒதுக்கி எழுதப்பட்ட நாவல் அது. பசி தாளாமல் ஊரைவிட்டுப் புறப்படும் பாணர், கூத்தர் கூட்டம்தான் கதையின் மையம். அரசனின் வாசலுக்குள்ளிருந்து பார்ப்பதற்குப் பதில், வெளியே காத்திருக்கும் வயிற்றிலிருந்து சங்ககாலத்தைப் பார்க்கிறது. கபிலர், பரணர், ஔவை எல்லாரும் வழியில் சந்திக்கிற மனிதர்களாக வருகிறார்கள், பீடத்தில் ஏறி நிற்பதில்லை. கையேந்துகிறவன் கூடவே அரசியலும் சூழ்ச்சியும் நடந்து வருகின்றன. இந்த வரிசையில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். குறை என்றால் ஒன்று: நடுவில் நடை சற்றே ஒரே சுருதியில் போகிறது, பேசுகிறவர் மாறினாலும் குரல் அதிகம் மாறவில்லை.

பெண் கொடுத்த கதைக்கு வருவோம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதில் திருக்கோவலூர் மலையமான் ஆதித்த கரிகாலனின் தாய்வழிப் பாட்டன். வயதேறிய உடம்பு, ஏறாத பிடிவாதம். பேரன் கடம்பூருக்குப் போவதைத் தடுக்கப் பார்க்கிறவர், தடுக்க முடியாதவர். பேரன் செத்த பிறகு கிழவரின் துயரத்துக்கென்று கல்கி ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். ஐந்து பாகத்தில் அவர் வருகிற பக்கங்கள் கொஞ்சம்தான், என்றாலும் மறக்காது. மணிரத்னம் 2022 செப்டம்பர் 30, 2023 ஏப்ரல் 28 என இரண்டு தவணையில் படத்தை வெளியிட்டார். மலையமானாக மலையாள நடிகர் லால். முகம் பொருத்தம், வேலை குறைவு. மலையமான் திரைக்கு வந்தபோது எங்கள் பக்கத்து ஆட்கள் அடித்த விசில், அவருக்குக் கொடுத்த வசனத்தைவிட நீளம். பெரிய நாவலைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது தாத்தாக்கள்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். விக்ரமின் கரிகாலனுக்கு நந்தினி என்ற காயம் மட்டும் போதும் என்று படம் முடிவு செய்துவிட்டது. பாட்டனின் பாசம் என்ற இன்னொரு தட்டு இருந்திருந்தால் கடம்பூர்ப் பயணம் கூடுதலாக வலித்திருக்கும்.

இனி, யாரும் தொடாதவை. ஓர் ஊரிடம் இத்தனை கதை இருந்தும் கல்யாண வீட்டை மட்டும் எட்டிப் பார்க்கிறார்களே என்ற ஆற்றாமை இங்கேதான் வருகிறது.

எங்கள் ஊர் மலையமான் காரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். கொல்லிமலை ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன். வள்ளல் ஒருவன் இன்னொரு வள்ளலைக் கொல்கிறான், அதுவும் அடுத்தவனுக்காக. பிறகு அதியமான் நெடுமான் அஞ்சி வந்து கோவலூரை வெல்கிறான், பரணர் அந்த வெற்றியைப் பாடியதாக ஔவை சொல்கிறாள். அதே அஞ்சியின் பெயர் தமிழ்ப் பிராமியில் வெட்டப்பட்டு 1981இல் கண்டுபிடிக்கப்பட்டது இங்கே பக்கத்தில் உள்ள ஜம்பையில். அசோகனின் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அந்தப் பாறைதான் விடை சொன்னது. தோற்ற ஊரின் எல்லையில் ஜெயித்தவன் சமணத் துறவிக்குக் கற்படுக்கை தானம் கொடுத்திருக்கிறான். இதைவிட என்ன வேண்டும் ஒரு நாவலாசிரியனுக்கு?

மலையமானின் குழந்தைகளைக் கிள்ளிவளவன் யானைக் காலில் இட நிறுத்தியபோது கோவூர் கிழார் பாடிக் காப்பாற்றினார் என்று புறநானூறு சொல்கிறது. யானையை வேடிக்கை பார்த்து அழுகையை மறந்த பிள்ளைகள் அவர்கள். ஆயிரம் யானையைக் கணினியில் ஓடவிடுகிற காலத்தில் இந்த ஒரு யானையை நிறுத்திக் காட்ட ஆள் இல்லை.

இவ்வூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் கதை சுத்தமான திகில். சிவனடியார் வேடத்தில் பகைவன் வருகிறான், புத்தகக் கட்டுக்குள் கத்தி இருக்கிறது. குத்துப்பட்ட அரசன் காவலனிடம் அவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விடச் சொல்கிறான். இடைகழிக் கதையோ சின்ன பட்ஜெட்டில் முடியும். மழை இரவு, ஒருவர் படுக்க, இருவர் உட்கார, மூவர் நிற்க மட்டும் இடமுள்ள இருட்டு ரேழி. பொய்கை, பூதம், பேய் ஆழ்வார்கள் மூவரும் நின்றுகொண்டிருக்க, நாலாவதாக ஒருவர் நெருக்குகிறார். நாலாயிரத்தின் மூன்று அந்தாதிகள் அங்கே பிறந்ததாக வைணவம் சொல்லும். ஒரே அறைக்குள் படமெடுப்பதை உலக சினிமா என்று கொண்டாடுகிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து ரேழியைப் பார்க்கலாம். 1896இல், பின்னாளில் ரமணர் ஆன வெங்கட்ராமன் என்ற பையன் அரகண்டநல்லூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போனான், வழிச்செலவுக்குக் கடுக்கனை அடகு வைத்தான். ரமணர் சரித்திரங்கள் எல்லாமே இந்த இடத்தை இரண்டு பக்கத்தில் தாண்டிவிடும்.

எங்கள் வட்டாரமான நடுநாட்டின் நிகழ்காலத்தை எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’ இரண்டும் என் அலமாரியில் கைபட்டுக் கிழிந்த புத்தகங்கள். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ முதனை கிராமத்து ராஜாக்கண்ணு வழக்கிலிருந்து எழுந்தது. மூன்றும் விருத்தாசலத்தைச் சுற்றியவை. மேற்கே கல்வராயன் மலைவரை அந்தப் பேனாவும் கேமராவும் ஏறவில்லை. அந்த மலையில் 1976 வரை மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டார்கள், நாடு சுதந்திரமடைந்து கால் நூற்றாண்டு தாண்டியும் மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வெட்டி வேலை செய்தார்கள். அதைப் பற்றிச் செய்தி உண்டு, ஆய்வு உண்டு, பேர் சொல்லும்படி ஒரு நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. 2024 ஜூனில் எங்கள் மாவட்டத்துக் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. அதன் பிறகு வெளியூர்க்காரர்கள் கள்ளக்குறிச்சி என்றதும் அதைத்தான் கேட்கிறார்கள். கதையில் நாம் சங்ககாலம், செய்தித்தாளில் சாராயம், நடுவில் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது.

இந்த ஊரைப் படித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் சிபாரிசு இது. முதலில் ‘நிலம் பூத்து மலர்ந்த நாள்’. அடுத்து ‘வேள்பாரி’யின் முதல் பாதி. மலையமானுக்காகப் ‘பொன்னியின் செல்வன்’ நாவலையே படியுங்கள், படம் போதாது. ‘ஔவையார்’ சுந்தராம்பாளுக்காக. ‘சிவாஜி’யை விட்டுவிடலாம். எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கபிலர் பறம்பை விட்டு இறங்கியதிலிருந்து பெண்ணையாற்றுப் பாறைவரை உள்ள அந்த வழி இன்னும் காலியாகவே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.