கணினிக் கல்வியில் மனனமும் மதியும்

கற்றதன் காரணம் அறிதலே கல்விக்கு அளவுகோலாகும். க.பொ.த. சாதாரண தரத்தில் செய்நிரலாக்கம் கற்பிக்கப்படும் முறையை இவ்வளவுகோல்கொண்டு நோக்குதல் தகும்.

அப்பாடநூலிற் பயின்றுவந்த மொழி பாஸ்கல். நிக்லாஸ் விர்த் என்னும் அறிஞர் 1970 இல் கற்பித்தற்கெனவே வகுத்தது அது. உயர்தரத்திற் பைத்தன் பயிலப்படுதலின், தொடக்கத்திலும் அதுவே அமைக என்பர் சிலர். மொழியை மாற்றினும் மனனம் மாறாதாயின் பயன் என்னை?

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 'எல்ஸ்' என்னும் சொல்லின் முன் அரைப்புள்ளி இடலாகாது என மாணவர் ஒப்புவிப்பர். ஏன் என வினவின் விழிப்பர். அரைப்புள்ளி ஒரு கூற்றை மற்றொன்றினின்றும் பிரிப்பது. 'இரணைமடுவின் நீர்மட்டம் எல்லை கடப்பின் வான்கதவைத் திற, இன்றேல் மூடிவை' என்பதோ ஒரே கூற்று. இடையில் அதனை அறுப்பின், 'இன்றேல்' பற்றுக்கோடின்றி நிற்கும். இதனை விளக்கக் கரும்பலகையே போதும்.

2018 திசெம்பர் வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு வான்கதவை எப்பொழுது திறப்பது என்பது ஏட்டு வினா ஆகாது. அதனை அவர்களே பாய்ச்சற் கோட்டுப்படமாக வரைந்து, விடுபட்ட நிபந்தனை யாதென வாதிடுதல் வேண்டும். கணினிப் பற்றாக்குறையைக் காட்டி இப்பயிற்சியை ஒத்திவைத்தல் முறையன்று. எனினும், எழுதிய செய்நிரலை இயக்கித் தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் பழக்கம் கணினியின்றிக் கைகூடாது. ஆதலின் இரண்டும் வேண்டும். முன்னையது முதலில் வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் அறிவியல் நகரில் அமைந்திருக்க, அதன் அயலிலுள்ள மாணவர் ஒப்புவிப்போராகவே நின்றுவிடுதல் தகுமோ?