வள்ளியம்மாள் யாருடைய சாட்சி?

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தபோது கொண்டாடியவர்களில் நானும் ஒருத்தி. வரிகள் அறிவு. பாடியவர்கள் தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது, சினிமாவுக்கு வெளியே தனிப்பாடல்களுக்கென்று புதிதாகத் தொடங்கிய மாஜா நிறுவனம். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பியவர். பாட்டின் வேர் அவர் வாழ்க்கை. காணொளியிலும் அவர் முகம் உண்டு.

பிறகு சண்டை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதைக் கண்டித்தார். 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயோடு கிடாக்குழி மாரியம்மாள் பாடினார், அறிவு மேடையில் இல்லை. மெட்டும் வரியும் தன்னுடையவை என்று அறிவு எழுதினார். மூவரும் சேர்ந்து செய்தது, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன். 2024 மார்ச்சில் அவரே, இந்தப் பாட்டுக்காக நிறுவனத்திடமிருந்து ஒரு பைசாகூட வரவில்லை என்றார், நிறுவனம் மறுத்தது.

ஒரு தலித் கலைஞனின் முகம் அட்டையிலிருந்து விடுபடுவதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் பெரும்பகுதி இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பாடகியின் மேல் கொட்டப்பட்டது. அட்டையை முடிவு செய்தது பத்திரிகை. ஒப்பந்தத்தை எழுதியது நிறுவனம். ஒப்பந்தத்தைக் காட்டு என்று கேட்பதைவிட ஒரு பெண்ணைத் திட்டுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

வள்ளியம்மாளோ எல்லோருடைய பேச்சிலும் சாட்சியாக வருகிறார், உரிமை கேட்பவராக ஓரிடத்திலும் வரவில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் வரி எழுதியவருக்கு இடம் உண்டு, மெட்டமைத்தவருக்கும் ஒலிப்பதிவின் தயாரிப்பாளருக்கும் உண்டு, பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது. கதை சொன்ன பாட்டிக்கு இதில் எதுவும் இல்லை. கருத்துக்கும் கதைக்கருவுக்கும் வரலாற்று உண்மைக்கும் பதிப்புரிமை கிடையாது என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சரிதான்; இல்லாவிட்டால் யாரும் எதையும் எழுத முடியாது.

ஆனால் ஒப்பாரி வெறும் கருத்தா? அதற்குச் சொல் இருக்கிறது, ராகம் இருக்கிறது, இழுத்து நிறுத்தும் இடம் இருக்கிறது. பல பெண்களின் வாய் மாறி வந்ததால் அதற்கு ஒரே ஆசிரியர் இல்லை. ஆகவே அது எல்லோருக்கும் பொது என்கிறோம். நடைமுறையில் அது மைக் வைத்திருப்பவருக்குச் சொந்தம். இழவு வீட்டில் பறை அடிப்பவரை 'அடிக்கிறார்' என்கிறோம். ஒப்பாரி வைப்பவளை 'அழுகிறாள்' என்கிறோம். அழுவதை யார் வேலையாகக் கணக்கெடுப்பார்கள்?

எனக்கு இது பழைய சினிமாச் செய்தி அல்ல. ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், சிப்காட் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் ஷிப்ட் பார்க்கும் நான்கு பெண்கள் எனக்குப் பழக்கம். லீவு நாளில் ஊருக்குப் போய்த் தங்கள் ஆயாக்களின் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் போனில் பதிகிறார்கள். அதை ஒரு சேனலாக, பிறகு சிறு நிறுவனமாக நடத்த ஆசை. பேரை டிரேட்மார்க் செய்வது எப்படி, விளம்பரம் பிடிப்பது எப்படி என்று கேட்டார்கள். இரண்டும் வேண்டியதுதான். ஆயாவுக்கு என்ன தாள் என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

போனுக்கு முன்னால் பாடும் நிமிடத்திலேயே ஆயா சட்டப்படி நிகழ்த்துநர். பதிவு செய்ய அவர் சம்மதம் வேண்டும்; வணிகமாகப் பயன்பட்டால் பங்கு உண்டு; அந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். பாடியவர் என்று பெயர் சொல்லப்படும் உரிமையும் 2012 முதல் உண்டு. எழுதிக் கொடுக்கும் தாளில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுதான், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும்தான். அதனால்தான் கம்பெனித் தாள்களில் 'உலகெங்கும், என்றென்றைக்கும்' என்று இருக்கும். அந்த வரியை முதலில் அடியுங்கள் என்றேன்.

விளம்பரத்தையும் சட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறோம். வெளியான பிரதியில் ஆசிரியராக யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவரையே, மாறாக நிரூபிக்கும்வரை, நீதிமன்றம் ஆசிரியராக எடுத்துக்கொள்ளும். சின்ன எழுத்தில் போடுவதும் விட்டுவிடுவதும் வெறும் மரியாதைக் குறைவு என்று ஒதுக்க முடியாதது இதனால்தான்.

"ஆயா கைநாட்டுதான் வெக்கும், செல்லுமா அக்கா?" என்றாள் ஒருத்தி. செல்லும். தாள் தமிழில் இருக்க வேண்டும், உரக்க வாசித்துக் காட்ட வேண்டும், வாசித்ததற்கு ஆயா தரப்பிலிருந்தே ஒரு பெண் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கடைசி வரியாகச் சேர்த்திருக்கிறோம்.