பொன்னிறம் என்றால் என்ன நிறம்?

சமையல் குறிப்பை யாரும் விமரிசனம் செய்வதில்லை. கவிதைத் தொகுப்புக்கு நான்கு பக்கம் மதிப்புரை எழுதுகிறவர்கள், அதைவிடப் பல மடங்கு பேர் படித்து, நம்பி, கைக்காசு போட்டுச் செய்து பார்க்கிற ஓர் எழுத்தைக் கண்டுகொள்வதே இல்லை. கவிதை சரியில்லை என்றால் நமக்கு அரை மணி நேரம் நஷ்டம். குக்கி ரெசிபி சரியில்லை என்றால் கால் கிலோ வெண்ணெய் நஷ்டம். வெண்ணெய் விற்கிற விலையில் இது விளையாட்டில்லை.

இந்த வகையில் ஒரு கிளாசிக் இருக்கிறது. அமெரிக்காவில் நெஸ்லேயின் டோல் ஹவுஸ் சாக்லெட் சிப்ஸ் பாக்கெட்டின் முதுகில் அச்சாகும் குக்கி குறிப்பு. மூல ஆசிரியர் ரூத் வேக்ஃபீல்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற ஊரில், 1930-ல் கணவரோடு சேர்ந்து டோல் ஹவுஸ் இன் என்று ஓர் உணவு விடுதி ஆரம்பித்தவர். 1938-ல் வந்த அவருடைய சமையல் புத்தகப் பதிப்பில் இந்த குக்கி இருக்கிறது. அடுத்த வருடம் நெஸ்லே உரிமையை வாங்கிக்கொண்டது. விலை ஒரு டாலர் என்பார்கள், கூடவே ஆயுள் பூராவும் இலவச சாக்லெட். பி.காம். படித்தவனுக்கு இந்த வரியைத் தாண்டிப் போவது கொஞ்சம் கஷ்டம். பாக்கெட்டுக்குக் காலணா ராயல்டி கேட்டிருக்கக் கூடாதா அம்மா?

இந்த குக்கி தற்செயலாகப் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. மாவில் சாக்லெட் தவறி விழுந்துவிட்டதாம். அல்லது அது உருகிக் கலந்துவிடும் என்று நினைத்துப் போட்டாராம், உருகவில்லையாம். நான் நம்பவில்லை. மனையியல் படித்து 1924-ல் பட்டம் வாங்கி, பள்ளியில் பாடம் எடுத்து, டயட்டீஷியனாக வேலையும் பார்த்த பெண்மணிக்கு சாக்லெட் எப்போது உருகும் என்று தெரியாதா? குறிப்பைப் படித்தாலே தெரிகிறது, இது தவறி விழுந்த சமாசாரம் இல்லை.

‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் 2000-ல் வந்த ஒரு எபிசோட் ஞாபகமிருக்கிறதா? ஃபீபியின் பாட்டி ரகசியமாகப் பாதுகாத்த குடும்ப ரெசிபி, ஏதோ பிரெஞ்சு மூதாதையர் கொடுத்தது, பெயர் ‘நெஸ்லே டூலூஸ்’. கடைசியில் பார்த்தால் நெஸ்லே டோல் ஹவுஸ்! எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிற பாக்கெட்.

சரி, எழுத்துக்கு வருவோம். இரண்டேகால் கப் மைதா, ஒரு கப் வெண்ணெய், முக்கால் கப் வெள்ளைச் சர்க்கரை, முக்கால் கப் பிரவுன் சர்க்கரை, இரண்டு முட்டை, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, உப்பு, வனிலா. ஏன் இரண்டு வகை சர்க்கரை? வெள்ளை மொறுமொறுப்புக்கு. பிரவுன் உள்ளே மெத்தென்று இருப்பதற்கு. அதோடு பிரவுன் சர்க்கரையில் இருக்கிற கழிவுப் பாகுக்கு லேசான புளிப்பு உண்டு. அந்தப் புளிப்பு கிடைத்தால்தான் சோடா பொங்கி வேலை செய்யும். சும்மா அலங்காரத்துக்கு ஒரு பொருள்கூட இல்லை. 190 டிகிரி செல்சியஸ், 9-லிருந்து 11 நிமிடம். பிறகு ஒரு சின்ன வரி: தட்டிலேயே இரண்டு நிமிடம் ஆறட்டும்.

நம்மூர் பத்திரிகைகளின் சமையல் இணைப்புகளிலும், சேனல்களின் மத்தியான நிகழ்ச்சிகளிலும் இந்தக் குறிப்பு தமிழாகி வரும்போது முதலில் காணாமல் போவது அந்த வரிதான். குக்கி அவனிலிருந்து வெளியே வரும்போது தொட்டால் அமுங்கும். ஆறினால்தான் இறுகும். இதை யாரும் சொல்லித் தரவில்லை என்றால் என்ன செய்வோம்? ‘வேகவில்லையே’ என்று இன்னும் ஐந்து நிமிடம் வைப்போம். கருகும். அல்லது கருகாமல் பல்லை உடைக்கும்.

அடுத்த குற்றவாளி ‘பொன்னிறம்’. தமிழ்ச் சமையல் எழுத்தில் வெங்காயம் பொன்னிறம், முந்திரி பொன்னிறம், வடை பொன்னிறம், அப்பளமும் பொன்னிறம். வாணலியில் இது பரவாயில்லை. கண்ணெதிரே கரண்டியைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். அவனுக்குள் குக்கி முழுக்கப் பொன்னிறமாகும்வரை காத்திருந்தால் தீர்ந்தது கதை. ஓரம் மட்டும் சிவந்து, நடு வெளிறியிருக்கும்போதே எடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் பாக்கெட்டும் யோக்கியம் இல்லை. அதுவும் பொன்னிறம் என்றுதான் சொல்லிவைக்கிறது.

மூன்றாவது, ‘முட்டை - 2 (விருப்பப்பட்டால்)’. இந்த அடைப்புக்குறியைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. முட்டை சாப்பிடாத வீடுகள் நிறைய, தப்பே இல்லை. அவர்களுக்கு வேறு ரெசிபி கொடுங்கள். நானகட்டாய் இருக்கிறது, முட்டையே கேட்காது. இந்த மாவில் இரண்டு முட்டை என்பது கிட்டத்தட்ட நூறு கிராம். ஈரமும் அதுதான், பிடிப்பும் அதுதான். அதற்கு ஈடாக எதுவும் சொல்லாமல் எடுத்துவிடலாம் என்று எழுதியவர் அதைச் செய்து பார்த்திருக்கவே முடியாது. செய்து பார்த்து உதிர்ந்துபோன பெண்களோ ‘எனக்குக் கை வரலை’ என்று அவனை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். அங்கே அது பழைய மிக்ஸிக்குத் துணையாக இருக்கிறது.

மொழிபெயர்த்தவரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. மூலத்திலேயே இரண்டு ஓட்டைகள். ஒன்று, கப். மாவை ஸ்பூனால் கப்பில் போட்டு வழித்தால் 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 150 வரை போகும். இரண்டேகால் கப்பில் இந்த வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 270 கிராமும் ஒரு குக்கி, ஏறக்குறைய 340 கிராமும் அதே குக்கியா? தூத்துக்குடி மக்ரூன் போடுகிற பேக்கரியில் போய் ‘எத்தனை கப்?’ என்று கேட்டால் சிரிப்பார்கள். அங்கே தராசுதான். வீட்டிலும் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கிவிட்டால் பாதிப் பிரச்னை ஒழிந்தது.

இரண்டாவது, இளகிய வெண்ணெய். அறை வெப்பநிலைக்கு வரட்டும் என்பார்கள். யார் வீட்டு அறை? மாசசூசெட்ஸ் அறையில் 20 டிகிரி. அங்கே வெண்ணெய் விரல் பதிகிற அளவுக்கு இளகும். சென்னையில் மே மாத மத்தியானம் அதே வெண்ணெய் ரசமாகத் தெளிந்து ஓடும். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பதே உள்ளே காற்றைப் பிடித்துவைக்கத்தான். உருகின வெண்ணெயில் காற்று நிற்காது. பன்னிரண்டு குக்கி வைத்த தட்டில் ஒரே அப்பளம் கிடைக்கும். பாக்கெட்டில் மலையூர்க்காரர்களுக்குத் தனிக் குறிப்பு உண்டு: 5,200 அடி உயரத்தில் இருந்தால் மாவைக் கூட்டு, சர்க்கரையைக் குறை. ஊட்டிக்காரர்கள் பாக்கியசாலிகள். வெயிலூர்க்காரனுக்கு ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. நானே எழுதிவிடுகிறேன்: உருட்டிய மாவை ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அவனில் ஏற்றுங்கள்.

அதே பாக்கெட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது. உருண்டை பிடிக்காமல் மாவு முழுவதையும் ஒரே ட்ரேயில் பரப்பி, 20-25 நிமிடம் சுட்டு, வில்லை போடுவது. அதுதான் பார். நம் வெயிலுக்கும் நம் பொறுமைக்கும் இதுதான் சரி என்பது என் கட்சி. மாவு ஓடினாலும் ட்ரேயின் சுவரைத் தாண்டி எங்கே ஓடும்?

பழம் சேர்த்த பார்களில் அமெரிக்கர்கள் முதலில் சொல்வது லெமன் பார். அதைத் தமிழில் ‘எலுமிச்சம்பழம் - 2’ என்று எழுதினால் மறுபடியும் மோசடி. அவர்கள் லெமன் பெரியது, ஒரு பழத்துக்கு 45 மில்லி சாறு வரும். நம்முடையது குட்டி, தோலும் மெல்லிசு. அழுத்தித் துருவினால் கசப்பு. பழக் கணக்கை விட்டுச் சாற்றை மில்லியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஊர் மாறினாலும் அவ்வளவாகக் குணம் மாறாத பழம் பேரீச்சை. கனடாவின் பிரெய்ரி பகுதியில் பேரீச்சை பாருக்கு ‘மேட்ரிமோனியல் கேக்’ என்று பெயர். கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவே ஒட்டுகிற இனிப்பு. கல்யாணமானவர்கள் விளக்கம் சொல்லிக்கொள்ளட்டும்.

கொட்டை நீக்கிய பேரீச்சை 250 கிராமை முக்கால் டம்ளர் தண்ணீரில் ஜாம் மாதிரி குழைய வேகவைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஆறவையுங்கள். மைதா 150, ஓட்ஸ் 150, நாட்டுச்சர்க்கரை 100, வெண்ணெய் 150, எல்லாம் கிராம். சோடா அரை டீஸ்பூன். வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வரலாம், அடிக்கிற வேலையே இல்லை. விரலால் பிசிறினால் போதும். கடை வெண்ணெயில் உப்பு இருக்கும், வேறு உப்பு வேண்டாம். எட்டு அங்குலச் சதுர ட்ரேயில் பாதியை அழுத்தி, மேலே பேரீச்சை, அதற்கும் மேலே மிச்சத்தைத் தூவி 180 டிகிரியில் 30-35 நிமிடம். மேற்பரப்பு ரஸ்க் நிறத்துக்கு வந்தால் எடுத்துவிடலாம். முழுசாக ஆறின பிறகு வெட்டுங்கள். சூட்டோடு கத்தி வைத்தால் பார் வராது, உப்புமாதான் வரும்.