சொட்டு எண்ணும் கண்

"சிஸ்டர், பாட்டில் தீரப்போகுது!" என்று வார்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து குரல் வரும். அந்தக் குரலுக்கு முன்பே கட்டிலை நோக்கி நடக்கத் தொடங்கியிருப்பவர்தான் தேர்ந்த செவிலியர்.

அவருடைய கைவண்ணத்தைப் பார்க்க வேண்டிய இடம், பாட்டிலுக்குக் கீழே தொங்கும் சின்ன பிளாஸ்டிக் குமிழ். கைக்கடிகாரத்தை அதன் பக்கத்தில் உயர்த்திப் பிடித்து, விநாடி முள்ளையும் சொட்டையும் ஒரே பார்வையில் எண்ணுகிறார். சாதாரண டிரிப் செட்டில் பெரும்பாலும் 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் இறங்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. கட்டைவிரல் குழாயிலுள்ள சக்கரத்தை மயிரிழை உருட்டுகிறது, அவ்வளவுதான். குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி. அதில் மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. கணக்கே வேண்டாம்.

பொட்டாசியம் குளோரைடு என்றால் கை இன்னும் நிதானமாகும். கலக்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். சலைனில் சேர்த்த பிறகும் பாட்டிலைப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்துவார். இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கி, செறிவாக முதலில் இறங்கிவிடும்.

நோயாளி கையை மடக்கினாலும் புரண்டு படுத்தாலும் சொட்டின் வேகம் மாறும். அதனால் அடுத்த சுற்றில் மறுபடியும் எண்ணுகிறார். ஊசி ஏறிய இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார்: வீக்கமில்லை, சில்லிப்பில்லை. கேஸ் ஷீட்டில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட்டு, அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார்.