சுருங்கிய ஆயுதமும் விடுபட்ட சிப்பாயும்

2018-இல் ராயல் என்ஃபீல்டு ‘கிளாசிக் 500 பெகாசஸ்’ என்ற பைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் படைக்கு அந்த நிறுவனம் செய்துகொடுத்த ‘ஃப்ளையிங் ஃப்ளீ’யின் நினைவாக, உலகம் முழுவதற்கும் 1,000 வண்டிகள். டேங்கில் வரிசை எண், படைச்சின்னம், பக்கத்தில் கித்தான் பைகள். இந்தியாவில் பழுப்பு நிறம் மட்டும். ஆலிவ் பச்சை இங்கே ராணுவ வண்டிகளுக்கே உரியது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகள் உள்ள நிறுவனத்தின் இந்த வண்டி, போர்க்கருவிகளைத் திரும்பச் செய்யும் கலையின் முதல் சறுக்கலைப் பெரிய உருவில் காட்டுகிறது. அசல் ஃப்ளீ 125 சிசி, ஏறத்தாழ 60 கிலோ. இரும்புச் சட்டத்துக்குள் கட்டி வானிலிருந்து இறக்கலாம், வேலி குறுக்கிட்டால் தூக்கிப் போடலாம். பெகாசஸ் 499 சிசி. எடை மூன்று மடங்குக்கும் மேல். நிறமும் சின்னமும் வந்துவிட்டன. ஃப்ளீ பிறந்ததற்கே காரணமான இலேசு வரவில்லை.

மேசைமேல் செய்யும் மாதிரிகளில் இப்படித் தப்பிக்க முடியாது. அங்கே அளவு கறாரானது. 1/35 என்பது, 1960-களின் தொடக்கத்தில் தமியா நிறுவனம் தன் பேந்தர் டாங்கி மாதிரிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்கவேண்டும் என்று தேர்ந்த அளவு. பின்னால் வந்த காலாட்படை உருவங்களும் அதற்கே கட்டுப்பட்டன. 113 செ.மீ. நீளமுள்ள பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள் அதில் 32 மி.மீ. ஆகிறது. அந்த 32 மி.மீ.க்குள்ளும் கேள்விகள் உண்டு. குழலின் நுனி மூக்குக் கவசத்தோடு சமமாக முடிந்தால் அது பழைய முதலாம் எண் வகை. கவசத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் நான்காம் எண். வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் தயாரானது முதல் வகை. ஆகவே பர்மாக் காட்டில் நிற்கும் இந்தியச் சிப்பாயின் கையில் எதைக் கொடுப்பது என்று முடிவுசெய்ய, அவர் எந்தப் படை, எந்த ஆண்டு என்று தேடியாக வேண்டும். பிரென் துப்பாக்கியின் மேகசின் ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டால், .303 தோட்டாவின் அடியில் உள்ள விளிம்பு விடை சொல்கிறது: விளிம்புள்ள தோட்டாக்களை அடுக்கினால் அடுக்கு தானே வளையும். கை செய்யும்போது மூளை படிக்கிறது. இந்தக் கலையின் உண்மையான பலம் இதுதான்.

இந்தப் பலத்தை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தின் மோல்டிங் ஷாப்பில் வேலை பார்ப்பவர் இன்னும் நன்றாக உணரலாம். பம்பரோ டாஷ்போர்டோ வார்த்த கண்ணுக்கு, மாதிரியின் உதிரிபாகங்கள் கோத்து வரும் ஸ்ப்ரூவில் உள்ள பார்ட்டிங் லைனும் எஜெக்டர் பின் தடமும் உடனே தெரியும். இரண்டு பாதியாகத் திறக்கும் மோல்டில் அண்டர்கட், அதாவது உள்வாங்கிய வடிவம், வராது. அதனால்தான் குழலின் வாய் அடைபட்டு வருகிறது. 2 மி.மீ. தடிமனுள்ள தோள்வார் 1/35-இல் 0.06 மி.மீ. ஆகவேண்டும், அவ்வளவு மெல்லிய இடத்துக்குள் பிளாஸ்டிக் பாயாது, வார் பலகைபோல் தடிக்கிறது. குழலை நுண்ணிய பிட்டால் துளைத்து, வாரை ஈயத்தாளில் வெட்டி ஒட்டுபவர் எந்திரத்தின் எல்லையைக் கையால் கடக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

ஆனால் இதே ஆர்வம் வரம்பு மீறுவதும் உண்டு. துரு, சேறு, உரிந்த வண்ணம் என்று எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே அழுக்கு. தன் ரைஃபிளைத் தினமும் துடைத்து எண்ணெயிட்டு அதிகாரியிடம் காட்டவேண்டிய சிப்பாயின் கையில் துருப்பிடித்த போல்ட் இருப்பது அழகாக இருக்கலாம், உண்மையாகாது.

இதைவிடப் பெரிய குறை, ஆயுதத்தைப் பிடித்திருக்கும் ஆள். நார்மண்டிக் கடற்கரைக் காட்சிகளில் அமெரிக்க வீரர்கள் முள்வேலியின் அடியில் ஒரு நீண்ட குழாயைச் செருகுவார்கள். அது பெங்களூர் டார்பிடோ. 1912-இல் பெங்களூரில், மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையில் பணியாற்றிய கேப்டன் மெக்ளின்டாக் வகுத்தது. செய்வதற்கு இதைவிட எளிய ஆயுதம் இல்லை: ஒன்றரை மீட்டர்த் துண்டு ஒன்றுக்கு, ஒன்றரை மி.மீ. தடிமனில் 43 மி.மீ. குச்சி போதும். அந்தப் படையின் சிப்பாயைத்தான் மாதிரிப் பெட்டிகளில் தேடவேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் பேர் சேர்ந்த இந்தியப் படைக்குக் கூர்க்காக்களைத் தாண்டி உருவங்கள் மிகக் குறைவு. காரணம் வெறும் அலட்சியம் அன்று. எஃகு மோல்டு வெட்டும் செலவு ஆயிரக்கணக்கில் விற்றால்தான் திரும்பும். ஜெர்மானிய, அமெரிக்க உருவங்கள் விற்கின்றன. ஆனால் சந்தை சொன்ன ஆட்களை மட்டுமே செய்து, அதையே போரின் வரலாறு என்று அலமாரியில் வைப்பது, வாரின் தடிமனுக்காக இரவெல்லாம் உழைத்தவர் செய்யக்கூடாத பிழை.

ரெசின் 3டி பிரின்டர் அந்தச் சாக்கை இப்போது எடுத்துவிட்டது; ஒரே ஓர் உருவத்துக்கும் மோல்டு வேண்டாம். இந்தத் தடத்தின் டூல் ரூம்களில் கேட் (CAD) வரைபடம் போடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆதாரம் தேடுவோர் மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையிலிருந்தே தொடங்கலாம்: இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோரின் கற்களில் பெயர், பதவி, படைப்பிரிவு, நாள் எல்லாம் பொறித்திருக்கிறது. முதலில் செய்யவேண்டியவர் 1912-இன் மதராஸ் சாப்பர். குழாயைச் செருகக் குனிந்த நிலையில்.