பிறர் பெயரால் நேசிக்கப்பட்டவள்

ஒருவரில் மற்றொருவரைக் கண்டு நேசிப்பது காதல் இலக்கியத்தின் பழைய கருக்களில் ஒன்று. இத்தகைய கதைகள் பெரும்பாலும் நேசிப்பவனின் துயரையே விரித்துரைக்கின்றன. பதிலியாக நேசிக்கப்படும் பெண்ணுக்கு நேர்வது என்ன என்று கேட்பவை மிகச் சில. தமிழில் இவ்வினாவை நெருங்கி வந்த படைப்பு, 1991ஆம் ஆண்டு சந்தான பாரதியின் இயக்கத்தில் வெளியான ‘குணா’ என்பது நமது துணிபு.

மனம் பிறழ்ந்த குணா, தன் உள்ளத்தில் வரித்துக்கொண்ட அபிராமி என்னும் தெய்வப் பெண்ணை ரோகிணியிடம் காண்கிறான். அவளைக் கடத்திச் சென்று கொடைக்கானல் மலைக்குகையில் வைக்கிறான். தான் அபிராமி அல்லள் என்று அவள் மறுத்துரைப்பது அவன் செவியில் ஏறுவதில்லை. பின்னர் அவனது கள்ளமின்மையில் அவள் உள்ளம் கரைகிறது. அவன் தந்த பெயரையும் ஏற்கிறாள்.

இங்கே நிலம் வெறும் காட்சியழகுக்காக அமைந்ததன்று. கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, கூக்கால் என நீளும் பழனி மலைத்தொடரை அறிந்தோர், மூடுபனியும் பள்ளத்தாக்கும் மனிதரை மனிதரிடமிருந்து எவ்வளவு எளிதில் மறைத்துவிடும் என்பதை அறிவர். ஒருவரின் பெயரை நிலைநிறுத்துவது அவரை அப்பெயரால் அழைக்கும் சுற்றம். அச்சுற்றம் அற்ற குகையில் ரோகிணியை ரோகிணி என்று அழைக்க எவருமில்லை. அவளது மனமாற்றத்தில் அன்புக்கு எவ்வளவு பங்கோ, தனிமைக்கும் அவ்வளவு பங்குண்டு.

புகழ்பெற்ற கடிதப் பாடல் இதற்குச் சான்று. அவன் சொல்கிறான், அவள் எழுதுகிறாள். மடல் அவளுக்கே உரியது; ஆயினும் விளிக்கப்படுபவள் அபிராமி. தனக்கு வந்த மடலைத் தன் கையாலேயே வேறொருத்தியின் பெயருக்கு எழுதும் நிலையை இதைவிட நுட்பமாகக் காட்டுவது அரிது.

அரபு இலக்கியத்தில் இதற்கு இணையான நிகழ்ச்சியொன்று உண்டு. ஹுஸைன் (ரலி) அவர்களின் பால்குடிச் சகோதரர் என அறிவிக்கப்படும் கவிஞர் கைஸ் இப்னு தரீஹ், குழந்தைப்பேறு இல்லை என்னும் காரணத்தால் பெற்றோரின் வற்புறுத்தலுக்கு இணங்கித் தம் அன்பு மனைவி லுப்னாவை மணவிலக்குச் செய்தார். பின் ஆறாத் துயருற்றார். ஃபஸாரா குலத்துப் பெண்ணொருத்தியைக் கண்டு பெயர் வினவியபோது, அவளும் “லுப்னா” என்றாள். கேட்டவர் மயங்கி வீழ்ந்தார். அவளுடைய சகோதரரின் வற்புறுத்தலால் மணமும் நிகழ்ந்தது. ஆனால் கைஸ் அவளை நெருங்கவே இல்லை. அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானீயின் ‘கிதாபுல் அகானீ’ இதனைப் பதிவு செய்கிறது. முதல் லுப்னாவுக்காகக் கைஸ் பாடிய கவிதைகள் பல. இரண்டாம் லுப்னாவோ வரலாற்றில் வந்து மறையும் ஒரு பெயர் மட்டுமே.

இரு கதைகளையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஃபஸாராப் பெண்ணுக்குப் பெயர் இருந்தது, அன்பு இல்லை; ரோகிணிக்கு அன்பு கிடைத்தது, பெயர் போயிற்று. நிகாஹ் ஒப்பந்தத்தில் மணமகள் இன்னார் என ஐயமறக் குறிக்கப்பட வேண்டும் என ஃபிக்ஹு அறிஞர்கள் விதித்திருப்பதை வெறும் சடங்கு விதியாகக் கருதிவிடலாகாது. நேசத்துக்கும் அதுவே அளவுகோல்: யாரை நேசிக்கிறோமோ அவரையே நாம் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவுகோலில் ‘குணா’வின் நிறையும் குறையும் தெளிவாகின்றன. ரோகிணியின் மறுப்பைக் கேட்கச் செய்தது அதன் நிறை. கடத்தப்பட்டவளின் இணக்கத்தைக் காதலின் வெற்றியாகக் கொண்டாடி, அவள் இழந்ததை மறக்கச் செய்தது அதன் குறை. அவள் கொல்லப்பட்டபின் அவளது உடலுடன் குணா பள்ளத்தில் பாயும்போது, நாம் அவனுக்காகவே கலங்குகிறோம். ரோகிணி என்பவளுக்காக அழ அங்கே எவருமில்லை.

2024இல் வெளியான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்னும் மலையாளப் படம், 2006இல் அதே குகைப் பள்ளத்தில் வீழ்ந்த இளைஞர் ஒருவர் மீட்கப்பட்ட நிகழ்வை எடுத்துக்கொண்டு, அதே பாடலை நட்புக்கு உரியதாக்கியது. அங்கே நண்பர்கள் பள்ளத்தை நோக்கி அழைத்தது, வீழ்ந்தவனின் சொந்தப் பெயரை. ரோகிணிக்குக் கிடைக்காதது அந்த அழைப்புத்தான்.